பாரிஸிலிருந்து முத்தியால்பேட்டைக்கு: மாக் 5 விமானமா, நேர் விமானமா?

"எப்ப எடுக்கறீங்க?"

சாவு வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பா போன அன்று அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். பதிலோ பாரிஸ் புறநகரில் இருக்கும் என் அண்ணன் கையில் இருந்தது.

செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றது. அண்ணனுக்குக் கிடைத்த முதல் டிக்கெட் அன்று மாலை, நம் நேரப்படி 7.30-க்கு. ஆக, புறப்படவே 17½ மணி நேரம். வளைகுடா வரை 6½, அங்கே காத்திருப்பு 2½, சென்னைக்கு 4. இமிக்ரேஷன், பெட்டி, டாக்ஸி, ஈ.சி.ஆர். எல்லாம் சேர்ந்து 5. மொத்தம் 35½ மணி நேரம். புதன்கிழமை 12 மணிக்கு ராகு காலம். அதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். "ஃபிளைட்டு லேட்டாச்சுன்னா என்னப்பா பண்ணுவ?" என்று சித்தப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 11 மணிக்கு எடுத்தோம். கருவடிக்குப்பத்தில் கொள்ளியை இளையவன் நான் வைத்தேன். மூத்தவன் 1.30-க்கு வந்து நின்றபோது வீடு கழுவி விட்டிருந்தது. ஐஸ் பெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வேக விமானம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அந்த 35½ மணி நேரத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். இந்த விமானம் அன்று ஓடியிருந்தால் அண்ணன் எத்தனை மணிக்கு வாசலில் இறங்கியிருப்பான்? எங்கள் தெருவில் பிரான்சில் ஆள் இல்லாத வீடு குறைவு. எனவே இது என் ஒருவனின் கணக்கு இல்லை.

முதலில் மாக் 5. ஒலியைப்போல் ஐந்து மடங்கு. உயரத்தில் மணிக்குச் சுமார் 5,300 கிலோமீட்டர். பாரிஸுக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். வேகம் பிடிக்கவும் குறைக்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் போதும். அதே மாலையில் கிளம்பியிருந்தால் புதன் அதிகாலை 3 மணிக்கு அண்ணன் வீட்டில் இருந்திருப்பான். இந்த ஒரு வரிக்காகவே ஹைப்பர்சானிக் விமானம் வர வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

வராமல் தடுப்பது வெப்பம். இன்றைய ஜெட்டின் மூக்கில் காற்று மோதி நிற்கும் இடத்தில்கூட உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். மாக் 2-ல் அது 120 டிகிரியை நெருங்கும். ஒலியை மிஞ்சிப் பறந்த பழைய பயணிகள் விமானமான கான்கார்டின் உடல், பறக்கும்போது சூட்டில் ஒரு சாண் அளவுக்கு நீளும்; அலுமினியம் அதற்குமேல் தாங்காது என்பதால்தான் அதன் வேகம் மாக் 2-ஐ ஒட்டி நின்றது. மாக் 5-ல் கணக்குப் போட்டால் ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிறது. மூக்கும் இறக்கை விளிம்பும் அதில் நிற்க வேண்டும். உள்ளே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது எஞ்சின். சாதாரண ஜெட் எஞ்சின் மாக் 3-ஐ ஒட்டியே திணறிவிடும். அதற்குமேல், விமானம் போகும் வேகத்தாலேயே காற்றை நெருக்கி எரிக்கும் ராம்ஜெட், ஸ்கிராம்ஜெட் எஞ்சின்கள் வேண்டும். அவையோ நின்ற இடத்திலிருந்து கிளம்பாது. ஆகவே ஒரே விமானத்துக்கு இரண்டு வித எஞ்சின். 2013-ல் அமெரிக்காவின் ஆளில்லாச் சோதனை விமானம் எக்ஸ்-51ஏ மாக் 5-ஐத் தாண்டியது. அதன் ஸ்கிராம்ஜெட் எரிந்தது மூன்றரை நிமிடம். 2020 செப்டம்பரில் நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. மாக் 6-ல் பறக்கவிட்டது இருபது விநாடி சொச்சம். 2025 ஏப்ரலில் ஹைதராபாத்தில் தரைச் சோதனையில் ஆயிரம் விநாடிக்குமேல் எரித்துக் காட்டினார்கள். எனக்கு அது உண்மையிலேயே பெருமை. ஆனாலும் அது ஏவுகணைக்கான வேலை. ஒரே தடவை பறந்தால் போதும். பயணிகள் விமானம் ஒன்றரை மணி நேரம் அந்தச் சூட்டில் ஓடி, இறங்கி, துடைத்து, மறுநாளும் கிளம்ப வேண்டும்.

பிரிட்டனின் ரியாக்‌ஷன் எஞ்சின்ஸ் நிறுவனம் ஏ2 என்றொரு விமானத்தை வரைந்தது. 300 பேர், பிரஸ்ஸல்ஸிலிருந்து சிட்னிக்கு ஐந்து மணி நேரத்துக்குள், எரிபொருள் திரவ ஹைட்ரஜன். ஜன்னல் கிடையாது. நான் அதிகம் நம்பியது அவர்களைத்தான். 2024 இறுதியில் பணம் தீர்ந்து நிறுவனம் மூடப்பட்டது. அமெரிக்காவின் ஹெர்மியஸ் நிறுவனம் சொல்லும் ஹால்சியன் விமானம் மாக் 5 போகும்; இருக்கை 20. அந்த 20-தான் என்னை உறுத்துகிறது. சாவுச் செய்தி வந்த இரவில் 20 இருக்கையில் ஒன்று காலியாக இருக்குமா? வாரம் இரண்டு நாள் மட்டும் அது ஓடினால், காற்றில் மிச்சமாகும் எட்டு மணி நேரத்தைத் தரையில் இரண்டு நாள் உட்கார்ந்து தொலைக்க வேண்டியதுதான்.

ராக்கெட் இன்னும் வேகம். உலகின் எந்த ஊருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் என்று 2017-ல் ஈலான் மஸ்க் அறிவித்தார். ஏவுதளம் கடலுக்குள், போய் ஏற ஒரு படகு, ஏறும்போது உடம்பின்மேல் பல மடங்கு பாரம். அறுபது வயதைத் தொடும் என் அண்ணனை நான் அதில் ஏற்ற மாட்டேன்.

நடுவில் நிற்பது, ஒலியை மிஞ்சினாலும் மாக் 5-ஐ எட்டாத சூப்பர்சானிக். பூம் நிறுவனத்தின் சோதனை விமானம் 2025 ஜனவரியில் ஒலியைத் தாண்டியது. அவர்கள் கட்டவிருக்கும் ஓவர்ச்சர் மாக் 1.7, 60 முதல் 80 பேர். மூன்றில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இதுதான். ஆனால் நம் வழிக்கு இரண்டு முட்டுக்கட்டை. ஒரே மூச்சில் அது போகும் தூரம் சுமார் 7,870 கிலோமீட்டர். சென்னைக்குக் கொஞ்சம் முன்னாலேயே எண்ணெய் தீர்ந்துவிடும். இரண்டாவது, வழியில் பெரும்பகுதி நிலம். ஒலியை மிஞ்சும் விமானம் போகிற வழியெல்லாம் தரையில் வெடிச்சத்தத்தை இழுத்துக்கொண்டே போகும். 1970-களின் கடைசியில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூர் போன கான்கார்டு நம் நிலத்தின்மேல் ஒலியை மிஞ்ச இந்தியா இடம் கொடுக்கவில்லை. தன் நாட்டில் 1973-லிருந்து இருந்த தடையை நீக்கச் சொல்லி அமெரிக்கா 2025-ல் ஆணையிட்டது. அது அவர்கள் வானத்துக்கு. நம் வழியில் ஓவர்ச்சர் நிலத்தின்மேல் அடக்கி ஓட்டி, நடுவில் எண்ணெய் போட இறங்கினால், அண்ணன் காலை 10 மணி வாக்கில் வந்திருப்பான். மாக் 5-க்கும் இதே வெடிச்சத்தத் தொல்லை உண்டு என்பதால், கடல் வழியாகச் சுற்றினால் அந்த அதிகாலை 3 மணியும் தள்ளிப்போகும்.

இனி, யாரும் படம் வரைந்து விளம்பரம் செய்யாத போட்டியாளர்: சாதாரண நேர் விமானம். பாரிஸிலிருந்து சென்னைக்கு எங்கும் இறங்காமல் பத்து மணி நேரம். அதே மாலை 7.30-க்குக் கிளம்பினால் காலை 5.30-க்குச் சென்னை, 10.30-க்கு முத்தியால்பேட்டை. எடுக்க அரை மணி நேரம் முன்னால். அப்பா முகத்தைப் பார்த்திருப்பான். கொள்ளி அவன் கையில் இருந்திருக்கும்.

இந்தக் கணக்கு முடிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயிரம் டிகிரியும் ஹைட்ரஜனும் தேவைப்படவே இல்லை. வளைகுடாவில் வீணான அந்த இரண்டரை மணி நேரமும் சுற்றுவழியும் இல்லாதிருந்தாலே போதும். என் வரிசையில் நேர் விமானம் முதலில், அதுவும் தினமும். ஓவர்ச்சர் அட்லாண்டிக்கைக் கடப்பவர்களுக்கு. மாக் 5-ஐ என் மகன் பார்க்கலாம், பேரன் ஏறலாம்.

தரையில் போகும் அந்த ஐந்து மணி நேரத்தையும் விடக்கூடாது. எங்கள் ஊர் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றரை கிலோமீட்டர்தான், ஏ.டி.ஆர். மாதிரி சின்ன விமானம் மட்டுமே இறங்கும். 2024 டிசம்பரில் அங்கிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி விமானம் விட்டார்கள். பாரிஸிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் உண்டு. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் அந்த விசிறி விமானம் பெங்களூரில் காக்க வைக்காமல் கிளம்பினால், லாஸ்பேட்டையிலிருந்து எங்கள் வீடு ஆட்டோவில் கால் மணி நேரம்.

அம்மாவுக்கு 81 ஆகிறது. பெங்களூர் வழியாக வரும் அந்த இரண்டு விமானங்களின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, அண்ணன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அட்டவணை மாறும்போதெல்லாம் புதிதாக எழுதி அனுப்புகிறேன்.