அஸ்பாரகஸ்: ஓவனா, வாணலியா, கொதிநீரா?

இங்கிலாந்தில் அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்க்குக் காலம் சின்னது. ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் நாளில் தொடங்கி ஜூன் 21 வாக்கில் முடியும் என்பது வழக்கமான கணக்கு. அதன்பிறகு தண்டை வெட்டாமல் விட்டால்தான் செடி தழைத்து, அடுத்த ஆண்டுக்கான சத்தை வேரில் சேர்க்கும். அஸ்பாரகஸ் விளையும் ஈவ்ஷாம் ஊர்ப் பக்கத்துக் கட்டுகள் கடைக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் துணைக்கறி இதுதான். மூன்று விதமாகவும் சமைத்துப் பார்த்துவிட்டு இப்போது ஓவனிலேயே நின்றுவிட்டேன்.

கொதிநீர் விரைவானது, மூன்று நான்கு நிமிடம் போதும். காலையில் வெட்டியதை அன்றே சமைத்தால் அந்த இனிப்புக்கு வேறெதுவும் வேண்டாம். அரைவேக்காட்டு முட்டையில் தோய்த்துச் சாப்பிடவும் அதுதான் பொருத்தம். தட்டில் உருளைக்கிழங்கு மசியலோடு வைத்தால் மட்டும் சங்கடம். தண்டிலிருந்து நீர் கசிந்து மசியலின் ஓரம் பச்சையாக இளகிவிடும்.

கனமான இரும்பு வாணலியில் வரும் கருகல் மணம் ஓவனில் வருவதைவிட ஒரு படி மேல். இரண்டு பேருக்கு என்றால் வாணலியையே சொல்வேன். நான்கு பேருக்கு இரண்டு கட்டு போட்டால்தான் தகராறு.

காரணம், தண்ணீர். இந்தத் தண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். (சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு இதற்கு நெருங்கிய சொந்தம்.) சூடுபட்டு வெளிவரும் நீர் உடனே ஆவியாகப் போக இடம் வேண்டும். வாணலியில் நெருக்கி அடுக்கினால் அடியில் கிடப்பது அந்த ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும். ஓவன் தட்டு அகலம். எல்லாவற்றையும் ஒரே வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பலாம். சுற்றிலும் உலர்ந்த சூடு. நீர் போகப் போக இனிப்பு திரண்டு நிற்கும். குளிர்காலத்தில் பெருவிலிருந்து வரும், இனிப்புக் குறைந்துபோன கட்டுக்குக்கூட இதனால் ருசி கூடுகிறது.

முதல் தடவை கழுவிய ஈரத்தோடு 180 டிகிரியில் வைத்தேன். வெளியே வந்தது வதங்கிய கீரைத்தண்டு. இப்போது துணியால் ஒற்றி, மொட்டு நுனியின் செதில் இடுக்கில் நிற்கும் சொட்டையும் உதறிவிடுகிறேன். அடியில் நாராக வெளுத்திருக்கும் பகுதியை நறுக்கி, பருத்த தண்டானால் கீழ்ப்பாதித் தோலையும் சீவுவேன். ஒரு கட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு. தட்டும் ஓவனோடு சேர்ந்தே 220 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். தண்டைப் பரப்பும்போதே ‘சுர்’ரென்று சத்தம் வரும். விசிறி ஓவனானால் 200 போதும். பென்சில் கனத்துக்கு எட்டு நிமிடம், கட்டைவிரல் கனத்துக்குப் பன்னிரண்டு. நுனி பழுப்பேறி மொறுமொறுக்க, நடுத்தண்டில் கத்தி லேசான தடையோடு இறங்கும்போது எடுத்துவிடுவேன்.

வெள்ளை அஸ்பாரகஸை இரண்டு முறைதான் ஓவனில் வைத்திருக்கிறேன். இரண்டு முறையும் நார் தட்டியது. அதற்கு என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். ஏர் ஃப்ரையரிலும் நன்றாகவே வந்தது, ஆனால் அதன் கூடையில் ஒரு கட்டுக்கே இடம் நெருக்கம்.

எலுமிச்சையைச் சாப்பாட்டு மேசையில் பிழிந்துகொள்ளுங்கள். முன்னதாகப் பிழிந்தால் பச்சை மங்கிக் காக்கி நிறமாகிவிடும்.