சுவர்க்கோழி ரீங்காரத்தைப் பதிவு செய்ய: பரவளைய டிஷ்ஷா, கிளிப் மைக்கா?

சுவர்க்கோழி, சிள்வண்டு, நீள்கொம்பு வெட்டுக்கிளி ஆகியவற்றின் ஒலியைப் பிடிக்க நான்கு வழிகள் உண்டு: கைபேசி, ஷாட்கன் மைக் (முன்னால் உள்ள ஒலியைக் குறிவைக்கும் நீள்குழல் மைக்), பரவளைய டிஷ் (ஒலியை நடுவிலுள்ள மைக்கில் குவிக்கும் கிண்ணம்), கையடக்க ரெக்கார்டரோடு ஒரு ஜோடிச் சிறு கிளிப் மைக் (சட்டையில் மாட்டும் வகை). நான் தேர்ந்தெடுத்தது கடைசி வகை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

கைபேசியை நீண்ட நேரம் அலச வேண்டியதில்லை. அது பேச்சுக்குரலுக்காகச் செய்தது. ஒரே சுருதியில் விடாமல் வரும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். பதிவின் முதல் ஓரிரு நொடி ரீங்காரம் தெளிவாக இருந்து பிறகு மங்கினால் காரணம் இதுதான். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலி அளவையும் அணைக்கவிடும் செயலியில், வேவ் கோப்பாகப் பதிந்தால், பக்கத்தில் கத்தும் சிள்வண்டுக்குப் போதும்.

ஷாட்கன் மைக் வீடியோ எடுப்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். இருந்தால் பயன்படுத்தலாம், இதற்கென்றே வாங்க வேண்டாம். பலவற்றுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் பெரிய ரெக்கார்டர் வேண்டும், கைப்பிடியின் அதிர்வும் காற்றும் எளிதில் ஏறும், ஒற்றை மைக்கில் ஸ்டீரியோவும் வராது.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் ஒன்றே ஒன்று: மைக்கின் சொந்த இரைச்சல். எந்த மைக்கும் முழு அமைதியிலும் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி ஒன்றைத் தானே உண்டாக்கும். பறவைக் குரலென்றால் அதைப் பிறகு மென்பொருளில் ஓரளவு துடைத்துவிடலாம். இரண்டு கூவலுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் எது இரைச்சல் என்று மென்பொருளுக்குத் தெரியும். பூச்சிகளிடம் இந்த வித்தை பலிக்காது. சுவர்க்கோழிகள் பெரும்பாலும் 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் பாடும். நீள்கொம்பு வெட்டுக்கிளிகள் பல 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலமான பட்டையாக இரையும். மைக்கின் 'ஸ்ஸ்' உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான். நீக்கப் போனால் பூச்சியின் ஒலியும் சேர்ந்து கரைந்து, தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். ஆக, இரைச்சல் உள்ளே வராமலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைபேசிகளில் இருக்கும் வகை மைக்கின் சிக்னல்–இரைச்சல் விகிதம் 65 டெசிபல் என்றால், அதன் சொந்த இரைச்சல் 29 டெசிபல் (இந்த விகிதத்தை அளக்க வைக்கும் நிலையான ஒலி அளவான 94 கழித்தல் 65). பல கிளிப் மைக்குகளுக்குள் இருக்கும் பிரைமோ இஎம்272 கேப்ஸ்யூலுக்கு (ஒலியை வாங்கும் உள்பகுதிக்கு) அது 14 டெசிபல்தான். இந்த 15 டெசிபல் வித்தியாசத்தை எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாது. '32 பிட் ஃப்ளோட்' என்ற பதிவு முறை இருந்தால் மெல்லிய ஒலியும் சுத்தமாக வரும் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அது காப்பாற்றுவது ஒலி உச்சத்தைத் தாண்டி உடையும்போது. கீழே கிடக்கும் இரைச்சல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

டிஷ் இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 செ.மீ. 50 செ.மீ. விட்டமுள்ள டிஷ் அந்த ஒலியைக் குவித்து 20 டெசிபலுக்கு மேலேயே உயர்த்தித் தரும். ஆனால் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் உயர்வு சுமார் 6 டெசிபல் கூடும். கீழ் ஒலிகள் மெலிந்து, மேல் ஒலிகள் கூர்மையாகி, ரீங்காரத்தின் நிறமே மாறும். குறி சில பாகை விலகினாலும் ஒலி சட்டென்று இறங்கிவிடும். கிடைப்பதும் மோனோ. எந்த இனம் என்று கண்டுபிடிக்க இது குறையே இல்லை. இரவில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு ரசிக்க, என் காதுக்கு ஒத்துவரவில்லை.

கிளிப் மைக்கின் பலம், பூச்சிக்கு நெருக்கமாகக் கொண்டுபோக முடிவது. தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். 4 மீட்டரில் நின்று பதிவதற்குப் பதில் மைக்கை 50 செ.மீ.க்குக் கொண்டுபோனால் 18 டெசிபல். ஒரு கேபிள், டிஷ்ஷின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது, அதுவும் நிறம் மாறாமல். 20 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் காற்றே மீட்டருக்கு அரை டெசிபல் அளவில் விழுங்குவதால், வெட்டுக்கிளிகளுக்கு நெருங்குவது இன்னும் முக்கியம்.

பூச்சி பாடும்போது ஓர் அடி எடுத்து வையுங்கள்; நிறுத்தினால் நீங்களும் நில்லுங்கள். மைக்கைக் கிளையில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள், இலை எதுவும் உரசக் கூடாது. மயிர்போர்த்திய காற்றுத்தடுப்பு கட்டாயம். வெறும் நுரை உறை போதாது. கேபிளில் ஒரு தளர்வான வளையம் விட்டால் இழுவை அதிர்வு மைக்குக்கு ஏறாது. பதிவைத் தொடங்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். காலடி அதிர்வில் அடங்கிய பூச்சிகள் ஐந்து, பத்து நிமிடத்தில் மறுபடி தொடங்கும். ஒன்றைத் தேடாமல் மொத்தக் கச்சேரியும் வேண்டுமென்றால், தலை அகலத்தைவிடச் சற்றுப் பருத்த மரத்தின் இரு பக்கமும் காது உயரத்தில் ஒவ்வொரு மைக். நடுவே மரம் மறைப்பதால் ஹெட்போனில் இடம் வலம் பிரிந்து கேட்கும்.

ரெக்கார்டரில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளப்பது (ஸ்டீரியோவுக்கு மணிக்குச் சுமார் 2 ஜிபி), உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். மைக்குக்கு ரெக்கார்டர் தரும் சிறு மின்சாரமான 'ப்ளக்-இன் பவர்' மெனுவில் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். பதிவு ஊமையாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைப் பெரிய இணைப்பு) மட்டுமே உள்ள ரெக்கார்டரில் இந்த மைக்கை நேரடியாக மாட்டாதீர்கள், 48 வோல்ட்டை 3–5 வோல்ட்டாக இறக்கும் அடாப்டர் தேவை. கைபேசியைத் தள்ளி வையுங்கள் அல்லது விமானப் பயன்முறையில் போடுங்கள்; இந்தக் கேபிள்கள் அதன் 'டர்ர்' ஒலியைப் பிடித்துக்கொள்ளும்.

பராமரிப்பில் ஒரே எதிரி ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே இரவுக் காற்றுக்குக் கொண்டுவந்தால் கேப்ஸ்யூல் வியர்த்துப் படபடக்கும். மூடிய பையிலேயே அரை மணி வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்கிவிட்டு எடுங்கள். திரும்பியதும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில்.

உயரக் கிளையில் பாடும் சிள்வண்டு, நீருக்கு அப்பால் இருக்கும் பூச்சி என்றால் கேபிள் எட்டாது, அங்கே டிஷ்தான். மீயொலியில் (மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில்) பாடும் வெட்டுக்கிளிகளுக்கு 384 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் வரை பதியும் ஆடியோமாத் போன்ற கருவி வேண்டும். அதில் என் பழக்கம் குறைவு என்பதால் தீர்ப்புச் சொல்லவில்லை.

வெட்டித் திருத்தும்போது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தால் தூரத்து வாகன உறுமல் போய்விடும், பாட்டுக்குச் சேதமில்லை. கோப்பின் பெயரில் வெப்பநிலையையும் எழுதுங்கள். சூடு ஏற ஏறச் சுவர்க்கோழி வேகமாகக் கத்தும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் அமாஸ் டோல்பியர் 1897-லேயே சூத்திரமாக்கிவிட்டார். சேமிப்பது, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பில் இருக்கட்டும். 128 கிலோபிட் எம்பி3 ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். வயது ஏறி அந்த உயரங்கள் காதுக்கு எட்டாமல் போனவர்கள், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டலாம். 16 கிலோஹெர்ட்ஸ் வெட்டுக்கிளி 8-க்கு இறங்கிக் கேட்கும்.