கான்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்பிய திட்ட இயக்குநர்

எங்கள் பல் மருத்துவமனைக்கு மூன்று தளக் கட்டடம் கட்டியபோது, மேற்பார்வைக்கு ஒரு திட்ட மேலாண்மை நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் அனுப்பிய திட்ட இயக்குநரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். சைட்டில் ஏற்கெனவே ஒரு மேலாளரும் இரண்டு பொறியாளர்களும் இருந்தார்கள். இவருக்கும் தனியாகச் சம்பளமா என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

முதல் மாடித் தளம் போடும் அன்று தெரிந்தது. காலை ஏழு மணி. பம்ப் தயார், முதல் லாரி வாசலில் நிற்கிறது. அவர் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அமைப்பான சென்ட்ரிங் மேல் ஏறி வரைபடத்தை விரித்தார். சிகிச்சை நாற்காலி ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தளத்துக்குள் நுழைந்துதான் வர வேண்டும். ஆறு நாற்காலிக்கு ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறை) வைக்க வேண்டிய இடத்தில் நான்குக்குத்தான் வைத்திருந்தார்கள். ஒரு மூலையில், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் நசுங்கி, கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தது.

"அப்புறம் கோர் கட்டிங் போட்டுக்கலாம் சார்" என்றார் ஒப்பந்ததாரர், அதாவது கான்கிரீட் இறுகியபின் துளை போட்டுக்கொள்ளலாம் என்று.

"கம்பி அறுபட்டா யார் கையெழுத்துப் போடுவீங்க?"

லாரி திரும்பிப் போனது. சரிசெய்யும் வரை அதைக் காக்க வைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். கலவை இறுகத் தொடங்கியபின் தண்ணீர் ஊற்றி இளக்கினால் வலிமை குறைந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அன்று மாலை அவரே போன் செய்தார். இரண்டு நாள் தாமதம் ஆகும், முந்தைய நாளே சரிபார்த்திருக்க வேண்டும், அது தங்கள் தரப்பின் தவறு என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. அதன்பின், பிளம்பிங், மின்சாரம், கம்பி மூன்றுக்கும் முந்தைய நாள் மாலைக்குள் கையெழுத்து விழாமல் எந்தத் தளமும் போடப்படவில்லை.

அஸ்திவாரம் நடக்கும்போதே லிஃப்ட் மாடலை முடிவு செய்யச் சொன்னதும் அவர்தான். லிஃப்டுக்கு அடியில் விட வேண்டிய குழியின் ஆழம் அதைப் பொறுத்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காத்திருப்பு அறையின் நீளமான பீமுக்கு அடியில் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்க ஒப்பந்ததாரர் அவசரப்பட்டபோதும், கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் கியூப் சோதனை முடிவைக் கையில் வாங்காமல் சம்மதிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அவர் கையில் வேறு கட்டடங்களும் இருந்தன. பெயின்ட், கதவு வேலை நடந்த கடைசி இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு முறைகூட வரவில்லை. எக்ஸ்ரே அறைக் கதவை இருமுறை கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடித்தபடி குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டும் வரைபடங்கள் ஆறு வாரம் தாமதமாக வந்தன. வாராந்தர அறிக்கையில், நாங்கள் முடிவெடுக்க வேண்டியவற்றின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சேவையை எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: இயக்குநர் வாரத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு வருவார், வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா. முதலாவதை நாங்கள் எழுதி வாங்கவில்லை.