டர்பனில் வெள்ளைப் பைனா, கரும்பைனா?

வெள்ளைப் பைன் பொன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம், வேண்டும் என்று யாராவது கேட்டால், "வீடு எங்கே?" என்றுதான் முதலில் கேட்பேன். எனக்கு வீடு தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரான டர்பனில், சாட்ஸ்வர்த்தில். மச்சான் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் இருக்கிறார். ஒரே நாளில் இரண்டு வெள்ளைப் பைன் கன்றுகள் வாங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். அவருடையது இன்றும் செழிப்பாக நிற்கிறது. என்னுடையது பட்டுப்போய்விட்டது.

வெள்ளைப் பைன் ஜப்பானின் மலைமரம். குளிர்காலத்தில் அது உறங்கியாக வேண்டும். 1,700 மீட்டர் உயரத்து ஜோகன்னஸ்பர்க்கில், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் உறைபனி விழும். டர்பன் கரையில் அது ஏது? கரும்பைன் கடலோர மரம். உப்புக்காற்றும் புழுக்கமும் அதற்குப் பழக்கம்.

சிலர், கரும்பைன் அடிமரத்தில் ஒட்டுக்கட்டிய வெள்ளைப் பைன் டர்பனைத் தாங்கும் என்பார்கள். வேர் வலுவாக இருக்கும், உண்மை. ஆனால் மேலே இருப்பது வெள்ளைப் பைன்தானே. அதன் குளிர்த்தேவை போய்விடாது.

வாங்கும்போது ஊசிகளை எண்ணுங்கள். ஒரு கொத்தில் ஐந்து என்றால் வெள்ளை, இரண்டு என்றால் கருப்பு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து வரும் இளந்தளிரை, கேண்டிலை, கையாளும் விதம் இரண்டுக்கும் வேறு வேறு. நல்ல தெம்பான கரும்பைனில் கோடைத் தொடக்கத்தில் கேண்டிலை முழுதாக வெட்டலாம். அதே பருவத்தில் மறுபடி துளிர்த்து, குட்டை ஊசிகள் தரும். வெள்ளைப் பைன் ஆண்டுக்கு ஒரே தடவைதான் துளிர்க்கும். வசந்தத்தில், ஊசி விரியுமுன், நீண்ட கேண்டில்களை மட்டும் விரலால் பாதி கிள்ளினால் போதும். இங்கே பருவங்கள் தலைகீழ் என்பதால், ஜப்பானியப் புத்தகத்தில் ஜூன் என்றால் நமக்கு டிசம்பர். நான் மாதத்தைச் சரியாக மாற்றிக்கொண்டு, கரும்பைனுக்குரிய வெட்டை வெள்ளைப் பைனுக்குப் போட்டேன். குளிர் காணாமல் ஏற்கெனவே மெலிந்திருந்த மரம், அதன் பிறகு எழவே இல்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

லெனேசியாவில் தொல்லையே இல்லை என்று நினைக்காதீர்கள். கோடையில் ஆலங்கட்டி மழை கிளையைக் கிழிக்கும். அந்தக் காயத்தில் பூஞ்சை நுழைந்து தளிர்நுனி காய்ந்துவிடும். மச்சான் நிழல்வலை கட்டியிருக்கிறார். குளிர்காலம் வறண்டது என்பதால், உறங்கும் மரம்தானே என்று தண்ணீரை மறந்தால் வேர் காய்ந்துபோகும். டர்பனில் பயம் நேர்மாறானது: கோடைமழையில் வேர் அழுகும். இரண்டு மரத்துக்கும் நீர் சட்டென்று வடியும் கரடுமுரடான கல்கலவைதான் நல்லது.

தொட்டி மாற்றுவது ஆகஸ்ட் கடைசியில், மொட்டு பருக்கும்போது. பழைய மண்ணை முழுதாகக் கழுவிவிடாதீர்கள். வேரில் வெள்ளை நூலாகப் படர்ந்திருக்கும் பூஞ்சை மரத்துக்குத் துணை.

கரையோரம் இருப்பவர்களுக்குக் கரும்பைன்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஏற்கெனவே வெள்ளைப் பைன் வைத்திருந்தால், உறைபனி விழும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்ந்தால் அவர்கள் பதற வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். அது ஆண்டுதோறும் நடப்பதுதான். புது ஊசி மஞ்சளானால்தான் வேரைப் பார்க்க வேண்டும்.