பிரிட்டனின் வயதுச் சரிபார்ப்பு: எந்த வழி தேறும்?

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளத்துக்குள் நுழைய ‘எனக்கு 18 வயது ஆகிவிட்டது’ என்று டிக் அடித்தால் போதாது. இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அந்நாட்டின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் ஏழு சரிபார்ப்பு வழிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். வயதைக் கேட்பது நியாயம்தான். அதற்காக எவ்வளவு தகவலைக் கறக்கிறார்கள் என்பதை வைத்தே இந்த வழிகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். அவற்றில் ஐந்தை இங்கே பார்ப்போம்.

முதலிடம் மொபைல் எண் வழிக்கு. எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை இட்டால் முடிந்தது. பிரிட்டனில் சிம் நிறுவனங்கள் வயதுவந்தோர் தளங்களைத் தாமாகவே தடுத்துவைப்பது வழக்கம். அந்த எண்ணில் அந்தத் தடை நீக்கப்பட்டிருக்கிறதா என்பதற்கு மட்டும் சிம் நிறுவனம் ஆம், இல்லை என்று பதில் சொல்கிறது. பிறந்த தேதி தளத்துக்குப் போவதில்லை. ப்ரீபெய்ட் சிம்மில் ‘இல்லை’ என்று வந்தால், தடை இன்னும் நீங்கவில்லை என்று பொருள். சிம் நிறுவனத்திடம் வயதைக் காட்டித் தடையை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு பெரிய ஓட்டையும் உண்டு: பெற்றோர் தடையை நீக்கிய சிம்மைப் பிள்ளை வைத்திருந்தால் பிள்ளையும் தேறிவிடும்.

கிரெடிட் கார்டும் பரவாயில்லை. பிரிட்டனில் 18 வயது ஆகாதவர்களுக்கு அது கிடைக்காது என்பதே இதன் அடிப்படை. டெபிட் கார்டை இளையோரும் வைத்திருக்கலாம் என்பதால் அது செல்லாது. கார்டு எண்ணை இடும் முன் முகவரிப் பட்டையைப் பாருங்கள். சரிபார்ப்புப் பக்கம்போல வேடமிட்டுக் கார்டு எண்ணைப் பிடுங்குவது எளிது.

செல்ஃபி வழியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து மென்பொருள் வயதை ஊகிக்கிறது. நல்ல மென்பொருளும் சராசரியாக மூன்று வயதுவரை தவறும் என்பதால், தேறுவதற்கான வயதை 18இல் வைக்காமல் சில ஆண்டுகள் கூட்டி வைக்கிறார்கள். 20 வயதுக்காரர் தோற்பது அதனால்தான். மறுபடி மறுபடி முயன்று பயனில்லை, வேறு வழிக்கு மாறுவதே மேல். 35 வயதுக்காரரும் தோற்றால் வெளிச்சத்தைச் சந்தேகிக்கலாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நில்லுங்கள், கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றுங்கள், திரையிலுள்ள நீள்வட்டத்துக்குள் முகம் முழுதும் அடங்கட்டும்.

மின்னஞ்சல் வழி, அந்த முகவரி வேறு எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று தேடி வயதைக் கணிக்கிறது. வங்கிக்கும் மின்கட்டணத்துக்கும் பல ஆண்டாகக் கொடுத்துவந்த முகவரி தேறும். நேற்றுத் திறந்தது தேறாது.

பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வயதை நிரூபிக்க அனுப்பப்பட்ட அடையாள அட்டைப் படங்கள் உட்பட, சுமார் 70,000 பேரின் அட்டைப் படங்கள் வெளியாள் நிறுவனம் ஒன்றின் வழியாகக் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் அறிவித்தது. அட்டையைத் தவிர வேறு வழியே இல்லாத தளமென்றால், படத்தை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று அதன் தனியுரிமைக் கொள்கையில் தேடுங்கள். நாள் கணக்கு இல்லையென்றால் படத்தை அனுப்பாதீர்கள்.