பாங்க்நெட்: மதுரையில் ஏல வீடு தேடுவோருக்கு

பாங்க்நெட் ஏல இணையதளத்துக்கு என் மதிப்பெண்: தேடும் வசதிக்கு ஐந்துக்கு நான்கு, வீட்டைப் பற்றிச் சொல்லும் விவரத்துக்கு இரண்டுதான். பொதுத்துறை வங்கிகள் வாராக்கடனுக்காக ஏலம் விடும் சொத்துகளை மாவட்டவாரியாக இதில் பார்க்கலாம். பதிவு, கேஒய்சி முடித்து முன்வைப்புத் தொகையைக் கட்டினால்தான் ஏலம் கேட்க முடியும். கடைசி நாள்வரை இழுக்காதீர்கள்.

விலைக்கு முன் பார்க்க வேண்டியது சுவாதீனம், அதாவது வீடு யார் வசம் இருக்கிறது என்பது. ‘அடையாள சுவாதீனம்’ (காகிதத்தில் மட்டும் வங்கி வசம்) என்றிருந்தால், உதாரணமாக நீங்கள் பார்த்த வில்லாபுரத்து வீட்டில் இன்னும் ஆள் குடியிருக்கலாம். அவர்களைக் காலி செய்ய, சர்ஃபேசி சட்டப் (வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) பிரிவு 14-ன் கீழ் வங்கி ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுப் போட வேண்டும். அது எப்போது முடியும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். நேரடி சுவாதீனம் (வீடே வங்கியின் கையில்) உள்ள வீடு சற்று விலை கூடினாலும் மேல்.

அடுத்து, வங்கிக் கிளையில் நோட்டீஸ் நகல்களைக் கேளுங்கள். கடனைக் கட்டக் கடனாளிக்கு 60 நாள் கெடு தந்த, அதே சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ், முதல் ஏலமானால் 30 நாள் விற்பனை அறிவிப்பு இரண்டும் முக்கியம். இதில் ஓட்டை இருந்தால் கடனாளி 45 நாளுக்குள் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போவார், விற்பனையே ரத்தாகலாம்.

‘உள்ளது உள்ளபடி’ விற்பனை என்பதால் மாநகராட்சி வரி, மின்கட்டண பாக்கியை நீங்களே விசாரிக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம்.

ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றோ மறு வேலைநாளிலோ 25 சதவீதம் (முன்வைப்புத் தொகை சேர்த்து), விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி. வங்கி எழுத்தில் அவகாசம் தராமல் தவறினால் கட்டிய பணம் போய்விடும். வீட்டுக்கடனை நம்புகிறவர்கள் ஏலத்துக்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.