சேடில் பேக்கில் என்னென்ன: சில வருஷ அனுபவம்

ஞாயிறு விடிகாலை திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். எப்போதாவது புதுச்சேரி. வண்டி ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் கொண்ட சைக்கிள். 28 மில்லிமீட்டர் டயர், பிரெஸ்டா எனும் மெலிந்த வகை வால்வு. சீட்டுக்குக் கீழே கட்டும் சேடில் பேக்கில் எது கைகொடுக்கும், எது வெறும் சுமை என்பது ஓட்ட ஓட்டத்தான் தெரிந்தது. உள்ளே சும்மா கிடக்கும் பொருள்களும் கெட்டுப்போகும் என்பதும் அப்படித்தான் புரிந்தது.

முதல் இடம் மாற்று டியூபுக்கு. ரோட்டோரம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதைவிட டியூபை மாற்றிக்கொண்டு கிளம்புவது எவ்வளவோ மேல். ஆனால் டியூபை அப்படியே பேக்கில் திணித்தால், பல கருவிகள் மடிந்திருக்கும் மல்டி டூலோடு உரசி உரசி, மடிப்பு விழுந்த இடத்தில் ஓட்டையாகிவிடும். அதனால் பவுடர் தூவி, வால்வுக்கு மூடி போட்டு, பழைய சாக்ஸுக்குள் வைக்கிறேன். அவ்வப்போது வெளியே எடுத்து லேசாகக் காற்றடித்துப் பார்ப்பதும் உண்டு. பஞ்சர் சொல்யூஷனும் இதே கதைதான். ஒருமுறை திறந்துவிட்டால் மெல்லக் காய்ந்து போகும். திறந்தது வீட்டுக்கு, திறக்காதது பேக்குக்கு.

புது டியூபை மாட்டுமுன் பஞ்சர் ஆக்கியது எது என்று கண்டுபிடிக்காவிட்டால் அதுவும் உடனே போய்விடும். சீமைக்கருவேல முள் என்றால் கண்ணில் படும். படுத்துவது லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பி இழைதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு பருத்தித் துணியை டயரின் உள்பக்கம் சுற்றி ஓட்டினால், நூல் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். விரலால் பிடுங்க வராது. அதற்காகவே ஒரு சின்ன ட்வீசர் வைத்திருக்கிறேன். பேக்கில் இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான், அடிக்கடி வெளியே வருவதும் அதுதான்.

காற்றுக்கு 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு கேட்ரிட்ஜ் நல்ல வசதி. நொடியில் டயர் கெட்டியாகிவிடும். குப்பி உறைபனி போலக் குளிர்ந்துவிடும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள். இந்த வாயு டியூபின் பியூட்டைல் ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும். மறுநாள் டயர் இளகியிருந்தால் இன்னொரு பஞ்சர் என்று பயப்பட வேண்டாம், சாதாரணக் காற்று அடித்தால் போதும். ஆனாலும் என் ஓட்டு ஃபிரேமில் மாட்டும் மினி பம்புக்குத்தான். கேட்ரிட்ஜ் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பம்ப், கை ஓயும்வரை அடிக்கும்.

கூடவே ஒரு பித்தளை அடாப்டர். நம் பஞ்சர் கடை கம்ப்ரஸர் எல்லாம் மோட்டார் பைக், கார்களில் இருக்கும் தடித்த ஷ்ரேடர் வால்வுக்கானவை. "தம்பி, இந்த வால்வுக்கு நம்ம மிஷின் சேராதே" என்று அண்ணன் கையை விரிக்கும்போது இதைத் திருகிக் கொடுத்தால் வேலை முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள்.

மல்டி டூலில் எனக்கு உதவுவது 4, 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடான ரோட்டருக்கு டி25 நட்சத்திர முனை, அப்புறம் செயினின் பின்னைத் தள்ளிக் கழற்றும் செயின் பிரேக்கர். வியர்வையிலும் உப்புக்காற்றிலும் டூலின் கீல் இறுகிவிடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். செயின் அறுந்தால் சேர்க்க, குவிக் லிங்க் எனும் இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி. 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்) செயினுக்கு 11 ஸ்பீடு லிங்க்தான் சேரும், பார்த்து வாங்குங்கள்.

புதுச்சேரி ரைடு என்றால் மட்டும், பின் கியர் மாற்றியை ஃபிரேமில் தாங்கும் டீரெய்லர் ஹேங்கர் ஒன்று. வண்டி வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும் என்பதால் வழியில் எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. மாற்று டயரை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் பழைய டயரின் பக்கவாட்டில் வெட்டிய உள்ளங்கை அளவுத் துண்டு. டயர் கிழிந்தால் கிழிசலுக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்து, மெதுவாக வீடு வந்து சேரலாம்.